ரிமோட் விமானம் பறக்க விடப் போகிறீர்களா? சிமுலேட்டர் முதல் கிளப் மைதானம் வரை பாதுகாப்புப் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் முதலில் தேடிப் போவது விளையாட்டுகளைத்தான். சீட்டு விளையாட்டில் தொடங்கி, கார் பந்தயம், பிறகு விமானம் ஓட்டும் விளையாட்டு என்று போகும். சிலருக்கு ஒரு நாள், திரையில் பறப்பதை நிஜமாகவே பறக்க விட்டால் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர். அதில் இரண்டு ஸ்டிக்குகள். வானத்தில் ஒரு சிறிய விமானம். இதைத்தான் ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம், சுருக்கமாக ஆர்.சி. விமானம் என்கிறார்கள். பார்க்க விளையாட்டுப் பொருள் போல இருந்தாலும் இது பொம்மை அல்ல. அதனால்தான் இதைப் பறக்க விடுவதற்கென்று கிளப்புகளும், கிளப்புகளுக்கென்று விதிகளும் இருக்கின்றன. புதிதாகச் சேருபவருக்கு இந்த விதிகள் ஒரு நீளமான பட்டியலாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. காரணம் புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

இங்கே அமெரிக்க கிளப்புகளின் நடைமுறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அகாடமி ஆப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்ற அமைப்பு அங்கு 1936இல் தொடங்கப்பட்டது. இதைச் சுருக்கமாக ஏ.எம்.ஏ. என்பார்கள். இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரம் இதன் தலைமையிடம். இது வகுத்துள்ள பாதுகாப்பு விதிகளைத்தான் இதில் சேர்ந்த கிளப்புகள் பின்பற்றுகின்றன. ரேடியோவும் பேட்டரியும் புரொப்பெல்லரும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. எனவே காரணங்கள் எங்கும் பொருந்தும். சட்டம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். அதைக் கடைசியில் தனியே பார்ப்போம்.

இங்கே அன்டூ இல்லை

வேர்டு பைலில் ஒரு பத்தியைத் தவறுதலாக அழித்துவிட்டால் என்ன செய்கிறோம்? கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்துகிறோம். பத்தி திரும்ப வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் பழகியவர்களுக்கு இது ஒரு நல்ல வசதி. மைதானத்தில் இதுவே ஆபத்தான பழக்கம். ஏனென்றால் பறக்கும் விமானத்திற்கு அன்டூ கிடையாது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிலோ எடையுள்ள மாடல் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பெரிய வேகம் அல்ல. சாதாரண மாடல்களே இந்த வேகத்தில் போகும். அதாவது ஒரு நொடிக்கு 20 மீட்டர். இந்த வேகத்தில் அது ஒருவர் மீது மோதினால், சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, 2 கிலோ படிக்கல் விழுந்ததற்குச் சமம். நீங்கள் ஒரு நொடி திரும்பிப் பார்த்துப் பேசினால் அதற்குள் மாடல் 20 மீட்டர் போயிருக்கும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. விதிகளைப் பின்பற்றிப் பல ஆண்டுகளாகப் பறக்க விடுபவர்கள் நிறைய உண்டு. தவறு நடந்த பிறகு திருத்த முடியாத இடத்தில், நடப்பதற்கு முன்பே திருத்திக்கொள்ளும் வழிதான் விதி என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் பாடம் வீட்டிலேயே: சிமுலேட்டர்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மாடல் விமானம் வாங்கும் முன்பே பறக்கக் கற்றுக்கொள்ளலாம். இதற்கென்று தனி சாப்ட்வேர்கள் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்குவதில் ரியல்பிளைட் பலரும் அறிந்தது. இலவசமாகக் கிடைப்பவற்றில் பிகாசிம், சி.ஆர்.ஆர்.சி.சிம் ஆகியவற்றைச் சொல்லலாம். சாதாரண விமான விளையாட்டில் நீங்கள் விமானத்தின் உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள். இவற்றில் தரையில் நின்றபடி, தூரத்தில் பறக்கும் மாடலைப் பார்த்து இயக்குவீர்கள். வித்தியாசம் இதுதான்.

கீ போர்டு வைத்துப் பழகாதீர்கள். கீயை அழுத்தினால் முழுவதும் ஆன், விட்டால் முழுவதும் ஆப். நிஜ ஸ்டிக்கோ கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம் திரும்பும், நிறையத் தள்ளினால் நிறையத் திரும்பும். எனவே டிரான்ஸ்மிட்டரையே யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணையுங்கள். இப்போது வரும் பல டிரான்ஸ்மிட்டர்களை விண்டோஸ் ஒரு ஜாய்ஸ்டிக்காக அடையாளம் கண்டுகொள்ளும். இணைத்தவுடன் சிமுலேட்டரில் கேலிபரேஷன் செய்திடுங்கள். அதாவது எல்லா ஸ்டிக்குகளையும் நான்கு மூலைக்கும் முழுவதுமாகத் தள்ளிக் காட்டுங்கள்.

பிறகு இந்த வரிசையில் பழகுங்கள்:

1. நேராக ஓடி மேலே எழுதல்.
2. இடப்பக்கமாகச் செவ்வக வடிவில் சுற்றி வருதல். பிறகு வலப்பக்கமாக அதே சுற்று.
3. மாடலை உங்களை நோக்கி வரவழைத்தல்.
4. ரன்வேயில் இறக்குதல்.
5. பறக்கும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டுப் பத்திரமாக இறக்குதல்.

மூன்றாவது பயிற்சியில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். மாடல் உங்களிடமிருந்து விலகிப் போகும்போது உங்கள் வலப்பக்கமும் அதன் வலப்பக்கமும் ஒன்றுதான். அது உங்களை நோக்கி வரும்போது இரண்டும் எதிரெதிராக மாறிவிடும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாக ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல நினைத்துக்கொண்டால் போதும். விரல்கள் யோசிக்காமலே இதைச் செய்யும் வரை பழகுங்கள்.

சிமுலேட்டரில் மாடல் விழுந்தால் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு மறுபடி பறக்கிறோம். இந்த ரீசெட் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறை விழுந்த பிறகும், ஏன் விழுந்தது என்று ஒரு வரி நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் ரீசெட் செய்திடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த நோட்டைப் படித்தால் உங்கள் பலவீனம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தொடர்ந்து பத்து முறை உடையாமல் இறக்க முடிந்தால், மைதானத்திற்குப் போகலாம்.

ஆனால் சிமுலேட்டர் கற்றுத் தராதவை பல உண்டு. சுழலும் புரொப்பெல்லர் அருகே எப்படி நிற்பது, பேட்டரியை எப்படிக் கையாளுவது, பக்கத்தில் வேறு மூன்று பேர் பறக்க விட்டுக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது - இவை எதுவும் திரையில் வராது. இனி அவற்றைப் பார்ப்போம்.

மைதானத்தில் யார் எங்கே நிற்பது?

கிளப் மைதானம் வெறும் திறந்த வெளி அல்ல. முதலில் ரன்வே. அதற்கு ஒரு பக்கமாகத் தள்ளி பைலட்டுகள் நிற்கும் வரிசை. அதற்குப் பின்னால் மாடல்களைப் பூட்டித் தயார் செய்யும் இடம். இதைப் பிட் என்பார்கள். அதற்கும் பின்னால் பார்வையாளர்கள். கடைசியில் கார் நிறுத்துமிடம்.

இந்த அமைப்பின் உயிர்நாடி ஒரே ஒரு விதி. பைலட் வரிசைக்குப் பின்னால் மாடல் பறக்கவே கூடாது. ரன்வேயும் அதற்கு அப்பால் உள்ள வெற்று நிலமும் மாடலுக்கு. வரிசைக்குப் பின்னால் உள்ளது மனிதர்களுக்கு. மேலே எழுந்தவுடன் முதல் திருப்பமும் மனிதர்களை விட்டு விலகும் திசையில்தான் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. எந்த நேரத்திலும் ரேடியோ நின்று போகலாம், சர்வோ மோட்டார் பழுதாகலாம், இறக்கை கழன்று போகலாம். அப்படி நடக்கும் நொடியில் மாடல் எங்கே, எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறதோ, அங்கேதான் விழும். விழும் இடத்தை அப்போது தீர்மானிக்க முடியாது. பறக்கும் இடத்தை முன்கூட்டியே தீர்மானிக்கலாம் அல்லவா?

ஏ.எம்.ஏ. விதிப்படி, மேலே எழும்போதும் இறங்கும்போதும் தவிர, பைலட் வரிசையில் நிற்பவர்களையும் அவர்களின் உதவியாளர்களையும் தவிர்த்து வேறு எவருக்கும் 25 அடிக்குள் மாடல் பறக்கக் கூடாது. குறைந்தபட்ச அளவுதான் இது. புதியவர்கள் இன்னும் நிறைய இடம் விட்டுப் பறப்பது நல்லது.

ரேடியோ: ஒரு சேனலுக்கு ஒருவர்தான்

ஒரே மவுஸை இரண்டு பேர் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கர்சர் யார் பேச்சைக் கேட்கும்? இதே சிக்கல் மாடல் விமானத்தில் நிஜமாகவே இருந்தது. அமெரிக்காவில் மாடல் விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 11 முதல் 60 வரை எண்ணிட்ட 50 சேனல்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒருவர் 20ஆம் சேனலில் பறக்க விட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் அதே 20ஆம் சேனல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் போதும். முதலாமவரின் மாடல் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

இதைத் தடுக்க கிளப்புகள் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. மைதானத்தில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கிளிப். உங்கள் சேனல் எண்ணுக்கான கிளிப் உங்கள் கையில் இருந்தால் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யலாம். கிளிப் ஒன்றுதான் இருப்பதால், ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்தச் சேனலில் இருக்க முடியும்.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்தன. உங்கள் வீட்டு வைபையும் புளூடூத்தும் வேலை செய்யும் அதே அலைவரிசைதான். இதில் ரிசீவர் தன்னுடைய டிரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளும்படி முதலிலேயே ஜோடி சேர்த்துவிடுகிறோம். இதற்கு பைண்ட் செய்வது என்று பெயர். புளூடூத் ஹெட்செட்டை மொபைல் போனுடன் ஜோடி சேர்ப்பது போலத்தான். எனவே சேனல் மோதல் என்ற கவலை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் யாராவது பழைய 72 மெகாஹெர்ட்ஸ் செட் கொண்டு வந்தால் கிளிப் விதி உடனே உயிர் பெற்றுவிடும். கார் நிறுத்துமிடத்தில் சும்மா டெஸ்ட் செய்து பார்ப்பதற்காகக்கூட அதை ஆன் செய்யக் கூடாது.

ரேடியோ எதுவாக இருந்தாலும் கீழ்க்கண்ட ஐந்தும் கட்டாயம்.

*ஆன் - ஆப் வரிசை:* முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள். பிறகுதான் மாடலுக்கு பேட்டரி இணைக்க வேண்டும். முடிக்கும்போது தலைகீழ். முதலில் மாடலின் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை ஆப் செய்யுங்கள். கட்டளை கொடுப்பவர் இல்லாமல் மாடல் ஒரு நொடிகூட உயிரோடு இருக்கக் கூடாது.

*மாடலின் பெயர்:* டிரான்ஸ்மிட்டரின் மெமரியில் பல மாடல்களுக்கான செட்டிங்குகளைச் சேமித்து வைக்கலாம். அவசரத்தில் வேறு மாடலின் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வலம் இடமாகலாம். திரையில் தெரியும் பெயரை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள்.

*திசைச் சோதனை:* ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே தூக்க வேண்டும். உங்கள் பக்கமாக இழுத்தால் வாலில் உள்ள எலிவேட்டர் மேலே தூக்க வேண்டும். மாடலின் பின்னால் நின்று பாருங்கள்.

*பெயில் சேப்:* ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்யும் வசதி இது. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை மெதுவாக ஓட விடுங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரை ஆப் செய்யுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறக்க விடாதீர்கள். மேலே சொன்ன வரிசையை வேண்டுமென்றே மீறும் ஒரே இடம் இந்தச் சோதனைதான்.

*ரேஞ்ச் சோதனை:* டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து, குறிப்பிட்ட தூரம் நடந்து போய், எல்லாம் ஒழுங்காக அசைகிறதா என்று பார்ப்பது. பல செட்டுகளில் இது சுமார் 30 எட்டு தூரம். சரியான அளவு உங்கள் செட்டின் கையேட்டில் இருக்கும். புதிய மாடலை முதல் முறை பறக்க விடும் முன்பும், பழுது பார்த்த பின்பும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

புரொப்பெல்லர்: கண்ணுக்குத் தெரியாத கத்தி

10 அங்குல புரொப்பெல்லர் ஒன்று நிமிடத்திற்கு 10,000 முறை சுற்றினால் அதன் முனை மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஏதோ மங்கலான வட்டம் போலத்தான் தெரியும்.

2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில், ஓர் இளைஞர் தான் இயக்கிக்கொண்டிருந்த ரேடியோ ஹெலிகாப்டரின் சுழலும் பிளேடு தாக்கி உயிரிழந்தார். அவர் புதியவர் அல்ல, நன்கு பழகியவர். அனுபவம் கவசமாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பெட்ரோல், நைட்ரோ எஞ்சின்களைவிட எலெக்ட்ரிக் மோட்டார் ஒரு விதத்தில் மோசம். எஞ்சின் சத்தம் போட்டு எச்சரிக்கும். ஸ்டார்ட் செய்யாமல் சுற்றாது. எலெக்ட்ரிக் மோட்டாரோ பேட்டரி இணைத்த நொடியிலிருந்தே தயாராக, சத்தமில்லாமல் காத்திருக்கும். உங்கள் சட்டைக் கை ஸ்டிக்கில் பட்டால் போதும், சீறிக்கொண்டு சுற்றும். எனவே:

- பேட்டரியை வீட்டிலோ காரிலோ இணைக்க வேண்டாம். கிளம்பத் தயாரான பிறகு, அதற்கென உள்ள இடத்தில் மட்டும் இணையுங்கள்.
- இணைக்கும்போது மாடலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது அசையாமல் கட்டி வைக்க வேண்டும்.
- டிரான்ஸ்மிட்டரில் உள்ள மோட்டார் கட் ஸ்விட்ச்சைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
- புரொப்பெல்லரின் பின்னால் நில்லுங்கள். அதற்கு நேர் முன்னாலும், அது சுற்றும் வட்டத்திற்கு நேர் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. பிளேடு உடைந்தால் பறப்பது அந்தப் பக்கவாட்டில்தான்.
- துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த முழுக்கை ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டுங்கள்.
- கீறல் விழுந்த புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைத்துப் போட்டால்தான் இன்னொருவர் எடுத்து மாட்ட மாட்டார்.

பேட்டரி: லேப்டாப்பின் உறவினர்

ஆர்.சி. விமானங்களில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. பேச்சு வழக்கில் லைபோ. உங்கள் லேப்டாப்பில் இருப்பதும் லித்தியம் குடும்பம்தான். ஆனால் லேப்டாப் பேட்டரி கடினமான பெட்டிக்குள், காவல் காக்கும் சர்க்யூட்டோடு வருகிறது. லைபோவில் பெரும்பாலும் அந்தக் காவல் இல்லை. மெல்லிய உறைக்குள் இருக்கும். எனவே காவல் காக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரு செல் முழுவதும் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அதற்கு மேல் போகக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. சில நாட்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். லைபோவுக்கென்று உள்ள சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். கையேட்டில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டத்தில் சார்ஜ் செய்வது பாதுகாப்பு. 2200 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 2.2 ஆம்பியர்.

மெத்தை, சோபா, காகிதக் கட்டு அருகே சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும்போது தூங்கவோ வெளியே போகவோ வேண்டாம். மாடல் கீழே விழுந்து பேட்டரி அடிபட்டால், உடனே சரியாகத் தெரிந்தாலும், தீப்பிடிக்காத தரையில் தனியே வைத்துச் சிறிது நேரம் கவனியுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைப்பதும் தவறு.

கம்ப்யூட்டருடன் இணைக்கும்போது

இன்று பல மாடல்களில் கம்ப்யூட்டரால் செட் செய்யக் கூடிய பாகங்கள் இருக்கின்றன. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, காற்றில் மாடலை நிலையாக வைத்திருக்கும் கருவி ஆகியவற்றை யு.எஸ்.பி. மூலம் இணைத்து, சாப்ட்வேர் வழியாக மாற்றங்கள் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு இது பிடித்தமான வேலை. மேசை மீதே விபத்து நடக்கக் கூடிய வேலையும் இதுதான். முகத்திற்கு மிக அருகே மாடல் இருக்கும். ஒரு தவறான கிளிக், மோட்டார் முழு வேகத்தில் கிளம்பிவிடும்.

எனவே யு.எஸ்.பி. கேபிளை எடுக்கும் முன் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். இரண்டு நிமிட வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

செட்டிங்குகளை மாற்றும் முன் பழையதை ஒரு பைலாகச் சேமித்து, பெயருடன் தேதியையும் சேர்த்து வையுங்கள். பர்ம்வேர் அப்டேட்டை தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்திடுங்கள். பறக்கப் போகும் நாள் காலையில் அப்டேட் வேண்டாம். அப்டேட் செய்தபின் திசைச் சோதனை, பெயில் சேப், ரேஞ்ச் சோதனை மூன்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். அப்டேட் சில செட்டிங்குகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

பறக்கும்போது

முதல் நாட்களில் தனியாகப் பறக்க வேண்டாம். கிளப்பில் பயிற்சியாளர் இருப்பார். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, ஒன்றை உங்களிடம் கொடுத்து, இன்னொன்றை அவர் வைத்துக்கொள்வார். மாடல் தடுமாறினால் ஒரு ஸ்விட்ச்சில் கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும். டிரைவிங் ஸ்கூல் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல.

மைதானத்தில் பேச்சு முக்கியம். மேலே எழுப்பும் முன், இறக்கும் முன், ரன்வேக்குள் நடந்து போகும் முன் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். யாராவது "டெட் ஸ்டிக்" என்று கத்தினால் அவருடைய மோட்டார் நின்றுவிட்டது என்று பொருள். அவரால் இன்னொரு சுற்றுச் சுற்றிவர முடியாது. எனவே ரன்வேயை அவருக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் விலக வேண்டும்.

ஆட்கள் இருக்கும் நிஜ விமானமோ ஹெலிகாப்டரோ தென்பட்டால் உடனே மாடலைத் தாழ்த்தி விலகுங்கள். எந்த நேரத்திலும் வழி அவர்களுக்கே. மாடலை எப்போதும் வெறும் கண்ணால் பார்க்கும் தூரத்தில் வைத்திருங்கள். சூரியனுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். மதுவின் போதையில் மாடலைப் பறக்க விடக் கூடாது என்பது ஏ.எம்.ஏ. விதி. மொபைல் போனைப் பிட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பறந்து வரும் மாடலைக் கையால் பிடிக்க முயலாதீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் மாடலைப் பறக்கும்போது தொடவே கூடாது. ஒருவர் மீது மோதாமல் தள்ளிவிடுவதற்கு மட்டுமே விதிவிலக்கு.

எல்லா விதிகளும் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. மாடல் கட்டுப்பாட்டை இழந்து மனிதர்கள் பக்கம் திரும்புகிறது. முயன்றால் காப்பாற்றி இறக்கிவிடலாம் என்று மனம் சொல்லும். மாதக் கணக்கில் உட்கார்ந்து செய்த மாடல், கணிசமான பணம். அந்த நொடியில் முயற்சி வேண்டாம். மோட்டாரை நிறுத்துங்கள். வெற்று நிலத்தில் விழ விடுங்கள். மாடல் போனால் இன்னொன்று செய்யலாம். இந்த முடிவை மைதானத்தில் எடுக்க நேரம் இருக்காது. இப்போதே, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்க விடுபவர்கள் டிரஸ்ட் என்ற பாதுகாப்புத் தேர்வை எழுத வேண்டும். 2021இல் வந்த இந்தத் தேர்வு இலவசம். இன்டர்நெட்டிலேயே எழுதலாம். முடித்தவுடன் கிடைக்கும் சான்றிதழை அப்போதே சேவ் செய்து பிரிண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். நடத்துபவர்கள் உங்கள் பதிவை வைத்திருக்க மாட்டார்கள். தொலைந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள மாடல் என்றால் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் பதிவு செய்து, அந்த எண்ணை மாடலின் வெளிப்புறத்தில் எழுத வேண்டும். கட்டுப்பாடற்ற வான்பகுதியில் உயர வரம்பு 400 அடி.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் உள்ளன. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண் பார்வைக்குள் பறக்க விடும், 25 கிலோவுக்கு மேற்படாத மாடல்களையும் இவை குறிப்பிடுகின்றன. நாட்டின் வான்பகுதி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்க முடியாது. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. பச்சையில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள இடங்களில் மட்டும் பச்சையின் வரம்பு 200 அடி. விதிகள் திருத்தப்படக் கூடியவை. எனவே பறக்கும் முன் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் தளத்தில் நடப்பு விதிகளையும், வரைபடத்தில் உங்கள் ஊரின் நிறத்தையும் பார்த்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புதிய பைல் திறந்து கீழ்க்கண்ட பட்டியலை டைப் செய்திடுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, ஒரே பக்கத்தில் வரும்படி பிரிண்ட் எடுங்கள். டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள்.

1. காற்று, வெயில், பறக்கும் இடத்தில் மனிதர் நடமாட்டம் பார்த்தாயிற்று.
2. இறக்கை, வால், திருகுகள் இறுக்கமாக உள்ளன.
3. புரொப்பெல்லரில் கீறல் இல்லை.
4. பேட்டரி முழு சார்ஜ், உப்பவில்லை, நன்றாகக் கட்டப்பட்டுள்ளது.
5. டிரான்ஸ்மிட்டர் ஆன், மாடல் பெயர் சரி, மோட்டார் கட் போட்டாயிற்று.
6. மாடலைப் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு; பேட்டரி இணைத்தாயிற்று.
7. ஸ்டிக்குகளின் திசை சரி.
8. பெயில் சேப், ரேஞ்ச் - புதியது என்றால், பழுது பார்த்திருந்தால், அப்டேட் செய்திருந்தால் மறுபடி சோதித்தாயிற்று.
9. ரன்வே காலி, உரக்கச் சொல்லியாயிற்று.

அடுத்து எக்செல்லில் ஒரு ஒர்க்ஷீட் தயார் செய்யுங்கள். தேதி, பேட்டரி எண், பறந்த நிமிடங்கள், இறங்கியபின் செல் வோல்டேஜ், குறிப்பு என்று ஐந்து காலங்கள் போதும். ஒவ்வொரு பேட்டரியின் மீதும் ஓர் எண்ணை மார்க்கரால் எழுதுங்கள். சில வாரங்களில் எந்த பேட்டரி சோர்ந்து வருகிறது என்று இந்த ஒர்க்ஷீட்டே காட்டிக் கொடுத்துவிடும். அது வானத்தில் தெரிய வருவதைவிட மேசையில் தெரிய வருவது நல்லது.

பட்டியல் மனப்பாடம் ஆகிவிட்டது, இனி பார்க்க வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றும். அன்றைக்குத்தான் அதை நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். பத்திரமாகப் பறக்க விடுங்கள்.